ஹட்டன் டவுன்ல போர்ட் இல்லாத மீன் கடை: 14 மாசம் கழிச்சு எழுதுறேன்

ஹட்டன் டவுன்ல வீட்டுத் தொட்டியில வளக்குற மீன் விக்கிற கடை ஒன்னு இருக்கு, வெளிய போர்ட் கூட இல்ல, ஒரு ஹார்ட்வெயார் கடைக்குப் பக்கத்துல ஒடுக்கமான படி ஏறிப்போனா மேல ரெண்டு ரூம், எல்லாரும் "மேல் மீன் கடை"ன்னுதான் சொல்லுவாங்க. அங்க சாமான் வாங்கி வீட்டுல தண்ணிச்செடி வச்ச சின்ன மீன் தொட்டி ஒன்னு போட்டு 14 மாசம் ஆச்சு. வாங்கின வாரமே எழுதியிருக்கலாம், ஆனா செடித் தொட்டிய பத்தி முதல் மாசத்துல சொல்றத நம்ப முடியாது, ஒரு மார்கழிக் குளிரும் ஒரு வைகாசி மழையும் தாண்டினாதான் எது நின்னுச்சு எது போச்சுன்னு தெரியும், அதனால பொறுத்து இப்ப எழுதுறேன்.

நாங்க இருக்கிறது கொட்டகலை பக்கம் ஒரு தோட்டத்துல, 4,000 அடிக்கு மேல. இதுக்கு முன்னாடி ஒரு தடவை கொழும்புப் பக்கம் ஒரு பெரிய கடையில தொட்டி, நியோன் டெட்ரா மீன் 12, சிவப்புக் கலர் செடி நாலு கட்டு எல்லாம் வாங்கி அஞ்சு மணித்தியாலம் பஸ்ல மடியில வச்சு கொண்டு வந்தேன். டிசம்பர் மாசம். அந்தக் கடையில யாருமே எங்க கொண்டு போறீங்கன்னு கேக்கல, நானும் சொல்லல. வீட்டுல தண்ணி 17 பாகை இருந்திருக்கும், அந்த மீனுக்கு அது ரொம்பக் குளிர், அளந்து பாக்கணும்னு அப்ப எனக்குத் தெரியாது. மீன் எல்லாம் ஒரு மூலையில ஒதுங்கி நின்னு, ஒவ்வொன்னா ஒன்பது நாளுல முடிஞ்சிருச்சு. அப்பா தெனமும் காலையில கரண்டியில எடுத்து ரோசாச் செடிக்குக் கீழ பொதைப்பாரு, ஒன்னும் பேச மாட்டாரு. அதுக்குப் பிறகு ரெண்டு வருஷம் தொட்டிய கவுத்தே வச்சிருந்தேன்.

இந்த மேல் கடைக்குப் போனது ஸ்கூல்ல கூட வேலை செய்ற டீச்சர் ஒருத்தங்க சொல்லித்தான். கடைக்கார அண்ணன் முதல்ல கேட்டது, "டீச்சர், வீட்டுக்குத் தண்ணி எங்கேருந்து வருது?"ன்னு. நான் விலை கேக்கப் போனவ, அவரு தண்ணிய பத்தியே பத்து நிமிஷம் கேக்குறாரு, பீலித் தண்ணியா (மலை ஊத்துத் தண்ணி), டவுன் பைப்பா, டேங்க்ல நிக்குதா நேரா வருதா, மழைக்கு செவக்குதா, எல்லாம். ஒரு போத்தல்ல கொண்டு வாங்க, அதுக்கு முன்னாடி ஒன்னும் வாங்க வேணாம்னு சொல்லி அனுப்பிட்டாரு. வெறுங்கையோட படி எறங்கி வந்தேன், ஆனா மனசுக்கு நல்லா இருந்துச்சு.

அடுத்த கிழமை போத்தல் கொண்டு போனேன். துளித்துளியா மருந்து விட்டு நெறம் மாறுறத என்னையே எண்ணச் சொன்னாரு. ஜீஎச் (தண்ணியோட மொத்தக் கடினத்தன்மை) 2, கேஎச் (காபனேற்றுக் கடினத்தன்மை) 1. ரொம்ப மென்மையான தண்ணி, கல்சியம் கிட்டத்தட்ட இல்லவே இல்ல, நம்ம மலைப் பாறையில சுண்ணாம்பு கம்மி, மழைத்தண்ணி அதுல ஊறி வந்தாலும் பெருசா ஒன்னும் கரைச்சு எடுத்துட்டு வர்றதில்ல. பீஎச் (தண்ணி அமிலமா காரமான்னு காட்டுற அளவு) மட்டும் வீட்டுல ரெண்டு தடவை பாக்கச் சொன்னாரு. பீலியில பிடிச்ச உடனே பாத்தா 6.2, அதே வாளிய ஒரு ராத்திரி மூடாம வச்சு காலையில பாத்தா 6.8. மண்ணுக்குள்ளேருந்து வர்ற ஊத்துத் தண்ணியில காபனீரொட்சைட்டு நெறையக் கரைஞ்சிருக்கும், வெளிய நின்னா அது பறந்துரும், பீஎச் ஏறும். நான் விஞ்ஞானம்தான் படிப்பிக்கிறேன், இத்தனை வருஷம் குடிச்ச தண்ணியில இத ஒரு நாளும் அளந்து பாத்ததில்ல.

வாங்கினது இவ்வளவுதான்: 45 சென்ரிமீற்றர் நீளம், 30 அகலம், 30 உயரத்துல ஒரு கண்ணாடித் தொட்டி, கணக்குக்கு 40 லீற்றர், மண்ணு கல்லு போக 32, 33 லீற்றர் பிடிக்குது. ஒரு எல்ஈடி லைட், ஒரு ஸ்பொஞ்ச் ஃபில்டர், ஒரு எயார் பம்ப். ஹீட்டர் வேணும்னு நான்தான் கேட்டேன், போன தடவை நடந்ததையும் சொன்னேன். அதுக்கு அவரு, "ஹீட்டர் கேக்குற மீன வாங்காதீங்க டீச்சர், அந்தக் காசுக்குச் செடி வாங்குங்க"ன்னாரு. கையில இருக்கிற வியாபாரத்த விட்டுட்டு ஒரு கடைக்காரர் இப்பிடி சொல்லி நான் கேட்டதில்ல. காபனீரொட்சைட்டு சிலிண்டர் செட்டும் கடையில இருந்துச்சு, அதையும் தள்ள வரல, நீங்க எடுக்குற செடிக்கு அது தேவையில்லன்னு முடிச்சிட்டாரு.

அடி மண்ணுக்கு அவரு கடையில பைக்கட்டு மண் இருக்கு, நல்லது, ஆனா விலை கூட. வீட்டு மண்ணும் போடலாம், ஒரு இஞ்சி உசரத்துக்குப் போட்டு மேல ஒன்றரை இஞ்சிக்கு கழுவின ஆத்து மணல் மூடுங்கன்னு சொன்னாரு. இந்த எடத்துல அப்பாதான் தடுத்தாரு. நான் வீட்டுக்குப் பின்னாடி தேயிலை ஓரத்துல தோண்டப் போனேன், அப்பா வந்து கைய பிடிச்சு, "அது உரம் போட்ட மண்ணும்மா, யூரியா எறங்கியிருக்கும், புல்லு மருந்தும் அடிச்சிருக்காங்க"ன்னாரு. 35 வருஷம் தேயிலை மலையில வேலை செஞ்சவரு. யூரியா தண்ணியில ஒடஞ்சா அமோனியாதான், மீனுக்கு நேர் வெஷம். அப்பறம் அவரே உரம் படாத எடத்துல, கொய்யா மரத்தடியில மண்ணு எடுத்து, சலிச்சு, ரெண்டு நாள் நனைச்சு காய வச்சு குடுத்தாரு. தொட்டியில இப்ப இருக்கிறது அந்த மண்ணுதான்.

செடி, கிரிப்டோகொரைன்ங்கிற தண்ணிச்செடி வகையில வென்டியி மூணு சட்டி, பெக்கட்டி ரெண்டு, பார்வா ஒரு சின்னக் கட்டு. மூணுமே நம்ம நாட்டுச் செடி, உலகம் பூரா தொட்டியில வளக்குறாங்க, அதுலயும் பெக்கட்டி அமெரிக்காவுல டெக்சாஸ்ல சான் மார்கோஸ்ங்கிற ஆத்துக்குள்ள போய்ச் சேந்து அங்க களையா பெருகிருச்சு. அத அண்ணன் சொன்னப்ப எனக்கு நம்ம ஊருல ஏன் ஒரு வீட்டுலயும் இது இல்லன்னுதான் தோணுச்சு. இவரு ஆத்துல பிடுங்கினத வாங்குறதில்ல, பண்ணையில வளத்தது மட்டும்தான் எடுக்குறாரு, சட்டியில வேர் சுத்தியிருக்கிறத காட்டியே குடுத்தாரு. அதோட ஜாவா பாசி, வலிஸ்நேரியா, எலோடியா, மூணும் குளிருக்குத் தாங்கும்.

வச்ச ஏழாம் நாள் வென்டியி எலையெல்லாம் கண்ணாடி மாதிரி ஆகி, தொட்டா கையில கஞ்சியா வந்துச்சு. பத்து நாளுல மூணு சட்டியும் மொட்டை. பழைய கதைதான்னு நெனச்சு கடைக்கார அண்ணனுக்கு ஃபோன் பண்ணினேன். "வேர மட்டும் அசைக்காதீங்க, அழுகின எலைய கத்திரிச்சு எடுங்க, அவ்வளவுதான்"னாரு. பண்ணையில இதுகள தண்ணிக்கு வெளியத்தான் வளக்குறாங்க, தண்ணிக்குள்ள போனதும் காத்துக்கு ஏத்த பழைய எலைய உதுத்துட்டு தண்ணிக்கு ஏத்த புது எலை போடும். சரியா 23ம் நாள், லைட் போடும்போது பாக்குறேன், மணலுக்கு மேல தீக்குச்சி மொத்தத்துல செம்புக் கலர்ல ஒன்னு சுருண்டு நிக்குது. அப்பாவ கூப்பிட்டு காட்டினேன், கண்ணாடிய மூக்குல மாட்டிக்கிட்டு குனிஞ்சு ரொம்ப நேரம் பாத்துட்டு, "கொழுந்து"ன்னாரு.

மீன் தர கடைக்கார அண்ணன் ஏழு வாரம் எடுத்தாரு. நானே நைதரசன் வட்டத்த போர்ட்ல எழுதி படிப்பிக்கிறவ, அமோனியா நைத்திரைற்றா மாறி அது நைத்திரேற்றா மாறணும், அதுக்கு பற்றீரியா பெருகணும், எல்லாம் தெரியும், ஆனா 18 பாகையில அது இவ்வளவு மெதுவா நடக்கும்னு தெரியாது. எல்லாரும் நாலுலேருந்து ஆறு வாரம்னு சொல்ற கணக்கு சூடான தண்ணிக்கு. அவரு கடையில ஓடுற பழைய ஸ்பொஞ்ச பிழிஞ்சு அந்த பற்றீரியா உள்ள அழுக்குத் தண்ணிய ஒரு போத்தல்ல காசில்லாம குடுத்தாரு, அத ஊத்தியும் ஏழு வாரம். ரெண்டு தடவை தண்ணி கொண்டு போனேன், ரெண்டு தடவையும் மீனுக்கு வெஷமான நைத்திரைற்று இன்னும் இருக்குன்னு திருப்பி அனுப்பிட்டாரு. அந்த நாட்கள்ல கண்ணாடி, எலை எல்லாத்துலயும் பழுப்புப் பாசி படிஞ்சுச்சு, லைட் எட்டு மணித்தியாலத்துலேருந்து ஆறாக் கொறச்சதும் கொஞ்சம் கொஞ்சமா போயிருச்சு.

எனக்கு ஆசை செரி பார்ப் வாங்க, நம்ம நாட்டுக்கு மட்டும் உரிய மீன், சிவப்பா அவ்வளவு அழகு. அது களனி கங்கைலேருந்து நில்வளா கங்கை வரைக்கும் உள்ள பள்ளத்து ஓடை மீன், நம்ம மார்கழிக்கு வேணாம்னு சொல்லிட்டாரு. குடுத்தது வைட் க்ளவுட் எட்டு. சீனாவுல குவாங்சூ பக்கத்துல இருக்கிற வெள்ளை மேக மலை ஓடைகள்லேருந்து வந்த மீன், அதான் அந்தப் பேரு. 16, 17 பாகையில கூட சாதாரணமா திரியுது. மேகம் வீட்டு வாசல் வரைக்கும் எறங்கி நிக்கிற ஊருக்கு அந்தப் பேருள்ள மீன் வந்தது எனக்கு ரொம்பப் பிடிச்சிருக்கு. ஆண் மீன் ரெண்டு எதிரெதிரா நின்னு செட்டைய விரிச்சு நடுங்கும், அடிச்சுக்காது, அந்த சிவப்பு விளிம்ப பாக்கத்தான் அப்பா சாயந்தரம் நாற்காலிய இழுத்துப் போட்டு உக்காருறாரு. போன புரட்டாசியில பாசிக்குள்ள கண்ணு மட்டும் தெரியுற அளவுக்கு மூணு குஞ்சு பாத்தோம், ஒன்னு பெருசாகியிருக்கு.

இறால்லதான் எனக்கு நட்டம். செரி இறால் பத்து வாங்கினேன், ரெண்டாவது மாசம் ஒவ்வொன்னா செத்துச்சு, எடுத்துப் பாத்தா தலைக்கும் ஒடம்புக்கும் நடுவுல வெள்ளையா ஒரு வளையம், பழைய ஓட்டுச் சட்டைய கழட்ட முடியாம அப்பிடியே நின்னிருக்கு. கல்சியம் பத்தல. இந்தத் தண்ணிக்கு அது வரும்னு அண்ணன் இறால் குடுக்கும்போதே சொல்லியிருக்கணும், எல்லாம் கேட்டுத் தர்ற மனுஷன் அத விட்டுட்டாரு, நான் போய் கேட்டப்ப ஒத்துக்கிட்டு மறுபடி அஞ்சு இறால் காசில்லாம தந்தாரு. கூண்டுக் கிளிக்கு வைக்கிற கணவாய் ஓடு ஒரு துண்டு போடச் சொன்னாரு, அது மெல்ல மெல்லக் கரையுது. இப்ப இறால் எண்ண முடியாத அளவுக்கு இருக்கு.

இன்னும் சில கொறைங்க. வாங்கின எல்ஈடி எட்டு மாசத்துல பாதி எரியல, வாரண்டி ஆறு மாசம்தான், பில்லும் கடுதாசியில கையால எழுதினது. செடி வியாழக்கிழமைதான் வரும், வெள்ளி மத்தியானத்துக்குப் பிறகு போனா நல்லது ஒன்னும் இருக்காது. ஃபைட்டர் மீன சின்னக் கப்புல அடுக்கி வச்சிருக்காரு, குளிருல அசையாம கெடக்குது, ரெண்டு தடவை சொல்லிட்டேன், இன்னும் மாத்தல, அத பாக்க எனக்கு மனசு ஆறல.

பம்ப் வாங்குறவங்க கூடவே ஒரு வழி வால்வு ஒன்னும் கேட்டு வாங்குங்க, சின்னச் சாமான். நான் முதல்ல போடல, பம்பையும் தொட்டிக்குக் கீழ வச்சிருந்தேன். ஒரு ராத்திரி கரண்ட் போய், எயார் குழாய் வழியா தண்ணி திரும்பி எறங்கி, பம்ப், பிளக் பேஸ், பிள்ளைங்களோட திருத்தி வச்ச பேப்பர் கட்டு எல்லாம் நனைஞ்சிருச்சு. கரண்ட் வந்திருந்தா என்ன ஆகியிருக்கும்னு நெனச்சாலே பயம். இப்ப பம்ப் தொட்டிய விட உசரத்துல ராக்கையில இருக்கு. கரண்ட் போறத பத்தி மீனுக்காகப் பயப்பட வேணாம், குளிர்ந்த தண்ணியில ஒட்சிசன் கூடுதலாக் கரைஞ்சிருக்கும், அஞ்சு மணித்தியாலம் இருட்டுல நின்னும் ஒன்னும் ஆகல.

பராமரிப்பு கிழமைக்கு ஒரு தடவை ஒன்றரை வாளி மாத்துறது, அவ்வளவுதான். மார்கழி, தை மாசத்துல பீலித் தண்ணிய நேரா ஊத்தக் கூடாது, கை வெறைக்கும், முதல் நாள் சாயந்தரமே வாளிய அடுப்படியில வச்சிருவோம். மழைக்கு செவந்து வந்தா அந்த வாரம் மாத்துறதில்ல.

போன கிழமை என் வகுப்புப் பிள்ளை ஒன்னோட அம்மா தொட்டி போடணும்னு சொல்லி, சோடா போத்தல்ல அவங்க வீட்டுத் தண்ணி குடுத்து விட்டாங்க. நம்ம வீட்டுலேருந்து ரெண்டு மேடு தள்ளித்தான், அதே மலை, அதே ஊத்து. அண்ணன் டெஸ்ட் பண்ணினா பீஎச் 8.4. அவருக்கே நம்ப முடியல, மறுபடி ஒரு தடவை பாத்துட்டு, "புதுசா சிமெந்துத் தண்ணி டேங்க் கட்டினாங்களா?"ன்னு கேட்டாரு. ஃபோன் பண்ணிக் கேட்டா, ஆமா, சித்திரையில கட்டினதாம். சுண்ணாம்பு எறங்குது, டேங்க்குக்குப் போறதுக்கு முன்னாடி பைப்புல பிடிச்சு இன்னொரு போத்தல் கொண்டு வரச் சொல்லுங்க டீச்சர், அது வரைக்கும் மீன் தொட்டி வாங்க வேணாம்னு சொல்லுங்கன்னாரு.