லொம்ப்ரோசோ அருங்காட்சியகம், டூரின்: ரேகை வைத்தவரின் பேத்தி பார்த்தது

வேலையாக இத்தாலியின் டூரின் நகருக்குப் போயிருந்தபோது ஒரு சனிக்கிழமை காலை முழுக்க இங்கேதான் இருந்தேன். பியேத்ரோ ஜூரியா தெரு, 15ஆம் எண். ஞாயிற்றுக்கிழமை திறப்பதில்லை, பார்த்துப் போங்கள்.

குற்றவாளி பிறக்கும்போதே குற்றவாளி, மண்டையிலும் முகத்திலும் அது தெரியும் என்று 1876-இல் எழுதிய மருத்துவர் செசாரே லொம்ப்ரோசோ. அவருடைய எலும்புக்கூடே இங்கே நிற்கிறது. அவரே எழுதிவைத்துவிட்டுப் போனது. தெற்கு இத்தாலியின் கலாப்ரியாவைச் சேர்ந்த கைதி வில்லெல்லாவின் மண்டையோடும் இருக்கிறது. அதன் பின்பக்கத்தில் ஒரு சிறு குழி. அதைப் பார்த்துத்தான் அவ்வளவு பெரிய கோட்பாடு கிளம்பியது. 1913-இல் இங்கிலாந்தின் சிறை மருத்துவர் கோரிங் 3000-க்கும் மேற்பட்ட கைதிகளை அளந்து, அப்படித் தனி முகவெட்டு எதுவும் கிடையாது என்று காட்டினார்.

என்னால் நகர முடியாமல் போனது கைதிகளின் மண் கூஜாக்களுக்கு முன்னால். தண்ணீர் குடிக்கக் கொடுத்ததன் மேலேயே படமும் எழுத்துமாகக் கீறியிருக்கிறார்கள். லொம்ப்ரோசோவுக்கு அது குற்றப் புத்தியின் அடையாளம். எனக்குப் பேச்சுத்துணைக்கு ஆளில்லாத மனுசர்கள்தான் தெரிந்தார்கள்.

எனக்கு உசிலம்பட்டிப் பக்கம். சில சாதிகளையே குற்றப் பரம்பரை என்று பதிந்து ரேகை வாங்கிய சட்டத்தை எங்கள் பக்கம் ரேகைச் சட்டம் என்போம்; என் தாத்தா அதில் பெருவிரலை உருட்டியவர். எதையும் திருடவில்லை, பிறந்த சாதி போதுமானதாக இருந்தது. 1871-இல் வெள்ளைக்காரன் போட்ட சட்டம், 1911-இல் சென்னை மாகாணத்துக்கும் வந்தது. ரேகை வைக்க மாட்டோம் என்று நின்றவர்களை 1920-இல் பெருங்காமநல்லூரில் சுட்டார்கள். அந்தக் கூஜாக்களை நான் எப்படி வேறு மாதிரிப் பார்ப்பேன்?

இது பழைய கதையும் இல்லை. இந்த அருங்காட்சியகம் பொதுமக்களுக்குத் திறந்த அதே 2009-இல், இத்தாலியின் திரியெஸ்தே நகர மேல்முறையீட்டு நீதிமன்றம் ஒரு கொலையாளியின் மரபணுவையும் கணக்கில் எடுத்துத் தண்டனையில் ஓராண்டைக் குறைத்தது. மூர்க்கத்தோடு தொடர்புபடுத்திப் பேசப்படும் எம்ஏஓஏ என்ற அந்த மரபணுவைப் பற்றி 2002-இல் வந்த நியூசிலாந்து ஆய்வு சொன்னது வேறு: சின்ன வயதில் கொடுமைப்பட்டு வளர்ந்தவர்களிடம்தான் அதன் வேலை தெரிந்தது. வளர்ப்பை விட்டுவிட்டு ரத்தத்தை மட்டும் பேசுகிறவர்களை நான் நம்ப மாட்டேன்.

வில்லெல்லாவின் மண்டையோட்டைக் கேட்டு அவருடைய சொந்த ஊரே வழக்குப் போட்டது. 2019-இல் அருங்காட்சியகத்துக்குச் சாதகமாகத் தீர்ப்பு முடிந்தது. நான் ஊர்க்காரர்கள் பக்கம். ஆனாலும் போய்ப் பாருங்கள், இரண்டு மணி நேரமாவது ஒதுக்குங்கள். அதே கட்டடத்தில் செயற்கைப் பழங்களுக்கென்று ஓர் அருங்காட்சியகம் உண்டு; அன்றைக்கு எனக்கு அங்கே போக மனம் வரவில்லை.