பாலாற்றைத் தேட எந்த வழி: சொல் தேடலா, பொருள் தலைப்பா?

பாலாற்றில் கலந்த தோல் கழிவைப் பற்றி வேலூரில் ஒருவர் ஆய்வேடு எழுதுகிறார் என்று வைத்துக்கொள்வோம். நூலகத் தரவுத்தளத்தில் அவருக்கு இரண்டு வழி. மனதில் தோன்றும் சொற்களைத் தட்டித் தேடலாம். அல்லது, ஒரு பொருளுக்கு ஒரே பெயர் என்று நூலகர்கள் வகுத்துவைத்த பொருள் தலைப்பைப் பிடித்துப் போகலாம்.

நம் வட்டாரத்து விஷயம் என்றால் முதலில் சொல் தேடல்தான். காரணம், ஊர்ப் பெயர்கள். 1989-இல் வடஆற்காடு மாவட்டம் பிரிந்தது. 2019-இல் வேலூர் மாவட்டம் மூன்றானது. ஆம்பூரும் வாணியம்பாடியும் இன்று திருப்பத்தூர் மாவட்டம், ராணிப்பேட்டை தனி மாவட்டம். வேலூர் என்று மட்டும் தட்டினால், 'நார்த் ஆற்காட்' என்று எழுதிய பழைய கட்டுரைகள் சிக்காமல் போகலாம். எல்லா ஊர்ப் பெயர்களையும் அடைப்புக்குறிக்குள் 'ஆர்' (OR, ஏதாவது ஒன்று இருந்தால் போதும்) போட்டுக் கோத்து, வெளியே 'அண்ட்' (AND, எல்லாமே இருக்க வேண்டும்) போட்டு குரோமியம், டேனரி (தோல் பதனிடும் ஆலை) என்று சேர்க்க வேண்டும். அடைப்புக்குறியை விட்டுவிடக் கூடாது. பப்மெட் என்ற மருத்துவக் கட்டுரைத் தளம் இடமிருந்து வலமாகவே படித்துக்கொண்டு போகும், விடை மாறிவிடும்.

மேற்கோள் குறியா, 'அண்ட்' மட்டும் போதுமா? மேற்கோளுக்குள் போட்டால் சொற்கள் அதே வரிசையில் இருக்க வேண்டும்; 'வேலூர் மியூட்டினி' என்று அப்படித் தேடினால், 'மியூட்டினி அட் வேலூர்' என்று எழுதியவர் தப்பிவிடுவார். 1806 சிப்பாய்ப் புரட்சிக்கு இரண்டு சொல்லையும் 'அண்ட்' போட்டுத் தேடுவதே நல்லது. சொல்லின் வேருக்குப் பின் நட்சத்திரக் குறி (*) போட்டால் அப்படித் தொடங்கும் எல்லாச் சொல்லும் வரும்; அதிலும் கவனம் தேவை. 'டேன்' (tann) அளவில் நிறுத்தினால், தாவரத் துவர்ப்புப் பொருளான டானின் (tannin) பற்றிய கட்டுரைகள் எல்லாம் வந்து குவியும். 'டேனர்' (tanner) வரை நீட்டினால் டேனரி ஒருமை, பன்மை இரண்டும் கிடைக்கும். ஆனால் மருத்துவத் தளத்தில் பருவ வளர்ச்சியை அளக்கும் டேனர் நிலைகளும் கூடவே வரும்.

மருத்துவம் என்றால் என் தேர்வு மாறும். வேலூர் அருகே உள்ள கரிகிரி தொழுநோய் மையத்தின் பணியைத் தொடர்ந்து ஆராய்பவருக்கு, பப்மெட்டின் பொருள் தலைப்புகளான மெஷ் (MeSH) தலைப்புகள் பெரிய துணை. கட்டுரையாளர் தொழுநோயை 'லெப்ரசி' என்று எழுதினாலும் 'ஹான்சன் நோய்' என்று எழுதினாலும் தலைப்பு ஒன்றே. அதன்கீழ் வரும் உட்பிரிவுகளும் தானாகவே சேர்ந்துவிடும். இந்த வசதியைச் சொல் தேடல் தராது. ஆனால் பப்மெட்டில் இருக்கும் எல்லாக் கட்டுரைக்கும் மெஷ் தலைப்பு கிடையாது; தலைப்பை மட்டும் நம்பினால் அவை விடுபடும். ஆகவே பொருத்தமான இரண்டு மூன்று கட்டுரைகளைச் சொல் தேடலில் பிடித்து, அவற்றின் கீழே உள்ள தலைப்புகளைக் குறித்துக்கொண்டு, அப்புறம் தலைப்பையும் சொல்லையும் 'ஆர்' போட்டு மறுபடி தேடுங்கள்.

ஒரு சொல் உள்ள கட்டுரைகளை நீக்கும் 'நாட்' (NOT) குறியை நான் பரிந்துரைக்க மாட்டேன். ஆற்காட்டுக் கட்டுரைகளிலிருந்து நவாபை நீக்கப் போனால், ஓரிடத்தில் நவாபைச் சொல்லிவிட்டு மற்றபடி ஏரிப் பாசனம் பேசும் கட்டுரையும் போய்விடும்.

தமிழில் தேடும்போது, சொல்லை அப்படியே ஒப்பிடும் தளம் என்றால், 'பாலாறு' என்று தட்டியவருக்குப் 'பாலாற்றில்' வராது. இரண்டையும் தனித்தனியாகத் தட்டிப் பாருங்கள்.