போனா, பழைய டிஎஸ்எல்ஆரா, மிரர்லெஸ்ஸா? போட்டோ எடுக்கப் பழகுபவருக்கு எது தோது

"போட்டோ எடுக்கக் கற்றுக்கொள்ள ஆசை, என்ன கேமரா வாங்கலாம்?" என்று யார் கேட்டாலும், நான் திருப்பிக் கேட்பது இதைத்தான்: உங்களுக்கு நல்ல படம் மட்டும் போதுமா, அது எப்படி வந்தது என்பதும் தெரிய வேண்டுமா? படம் மட்டும் போதும் என்றால் கையில் இருக்கும் போனே தாராளம். எப்படி வந்தது என்று தெரிய வேண்டுமென்றால் கணக்கு மாறிவிடும்.

அதனால் இங்கே படத்தின் தரத்தை வைத்து எதையும் எடை போடப் போவதில்லை. நாம் ஒரு தப்பு செய்தால், அது எதனால் வந்தது என்பதை எந்தக் கருவி காட்டிக்கொடுக்கிறது? பழகுபவருக்கு இதுதான் முக்கியம் என்று நம்புகிறேன்.

போன்: கண்ணைப் பழக்கும்

போனில் எடுப்பதெல்லாம் போட்டோவே இல்லை என்பவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. வெளிச்சம் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது, ஃபிரேமுக்குள் எதை விடுவது, எதை வெட்டுவது ஆகியவற்றைப் பழக போனைவிடச் சுலபமான கருவி கிடையாது. எப்போதும் பையில் இருக்கிறது, நூறு படம் எடுத்தாலும் செலவில்லை.

ஒரு கண்ணாடி டம்ளரில் தண்ணீர் ஊற்றி ஜன்னல் பக்கத்தில் வையுங்கள். முதலில் ஜன்னல் உங்கள் முதுகுக்குப் பின்னால் இருக்கும்படி நின்று எடுங்கள். டம்ளர் தட்டையாக, உயிரில்லாமல் தெரியும். அடுத்து ஜன்னல் பக்கவாட்டில் வரும்படி நகருங்கள். டம்ளரின் ஒரு விளிம்பில் மெல்லிய வெளிச்சக் கோடு விழும், மேஜை மேல் நிழல் நீளும். கடைசியாக ஜன்னலுக்கு எதிராக வையுங்கள். தண்ணீர் உள்ளிருந்து ஒளிர்வது போல இருக்கும், விளிம்புகள் கறுத்து நிற்கும். பொருளும் ஜன்னலும் அதேதான், நகர்ந்தது நீங்கள் மட்டும். இதை ஒரு வாரம் செய்தாலே பாதிக் கிணறு தாண்டியாகிவிட்டது.

மீதிப் பாதியில்தான் போன் கைவிடுகிறது. பெரும்பாலான போன்களில் அப்பர்ச்சர், அதாவது லென்ஸின் துவாரம், மாறவே மாறாது. 2018இல் வந்த சாம்சங் கேலக்ஸி எஸ்9 போல எஃப் 1.5, எஃப் 2.4 என இரண்டு துவாரங்களுக்கு மாறும் போன்கள் அபூர்வம். வெளிச்சத்தைப் பதியும் சென்சாரும் மிகச் சிறியது என்பதால் முன்னால் இருப்பதும் பின்னால் இருப்பதும் ஏறக்குறைய ஒரே கூர்மையில் பதியும். 2016இல் ஐபோன் 7 பிளஸ் கொண்டுவந்த போர்ட்ரெய்ட் மோடும் அதற்குப் பின் வந்தவையும் பின்னணியைக் கணக்குப் போட்டு மங்கலாக்குகின்றன. மூக்குக்கண்ணாடி போட்டவரை அந்த மோடில் எடுத்து, அந்தக் கண்ணாடியின் விளிம்பைப் பெரிதாக்கிப் பாருங்கள். சில படங்களில் கணக்கு தப்பியிருப்பது தெரியும்.

அது மட்டுமில்லை. பட்டனை ஒரு முறை அழுத்தினால் போன் பல படங்களை எடுத்து ஒன்றாகச் சேர்த்து, இருட்டைத் தூக்கி, வெளிச்சத்தை அடக்கி ஒரு படத்தைக் கையில் கொடுக்கிறது. நம் தப்பை நமக்குத் தெரியாமலே திருத்திவிடுகிறது. படம் வேண்டுபவருக்கு இது வரம், கற்பவருக்குப் பெரிய இழப்பு. பல போன்களில் இருக்கும் புரோ மோடில் ஷட்டர் வேகத்தையும் (வெளிச்சம் எவ்வளவு நேரம் பதிய வேண்டும் என்பது) ஐஎஸ்ஓவையும் (பதிந்த வெளிச்சத்தை எவ்வளவு கூட்டிக் காட்ட வேண்டும் என்பது) நாமே வைக்கலாம். கேமரா வாங்கும் வரை அதில் பழகுவது நல்ல யோசனைதான், ஆனால் அப்பர்ச்சர், ஷட்டர், ஐஎஸ்ஓ என்ற மூன்று திருகில் இரண்டுதான் கைக்கு வரும்.

பழைய டிஎஸ்எல்ஆர்: தப்பை முகத்துக்கு நேரே சொல்லும்

2003இல் கேனான் ஈஓஎஸ் 300டி வந்த பிறகுதான் டிஎஸ்எல்ஆர், அதாவது உள்ளே கண்ணாடி வைத்த, லென்ஸ் மாற்றக்கூடிய டிஜிட்டல் கேமரா, சாதாரண மக்களின் கைக்குப் பரவலாக வந்தது. இன்று செகண்ட் ஹேண்டில் கிடைக்கும் எந்த ஆரம்ப நிலை மாடலும் கற்பதற்குப் போதும். அப்பர்ச்சர், ஷட்டர், ஐஎஸ்ஓ மூன்றும் அதில் உண்டு.

அப்பர்ச்சர் எண்தான் பலரைக் குழப்புகிறது. எண் கூடக் கூட வெளிச்சம் ஏன் குறைகிறது? அது ஒரு வகுத்தல் கணக்கு. லென்ஸின் குவியத் தூரம் 50 மி.மீ. என்றால், அதை 2ஆல் வகுத்தால் 25 மி.மீ. அகலத் துவாரம், அதுதான் எஃப் 2. 4ஆல் வகுத்தால் 12.5 மி.மீ., அது எஃப் 4. அகலம் பாதியானால் துவாரத்தின் பரப்பு கால்வாசியாகும், வெளிச்சமும் கால்வாசியாகும். 2, 2.8, 4, 5.6, 8, 11, 16 என்ற வரிசையில் ஒவ்வொரு படியும் வெளிச்சத்தைப் பாதியாக்கும். இந்தப் படிக்குத்தான் ஸ்டாப் என்று பெயர். ஷட்டர் 1/60இலிருந்து 1/125 போனால் வெளிச்சம் ஒரு ஸ்டாப் குறையும், ஐஎஸ்ஓ 400இலிருந்து 800 போனால் படம் ஒரு ஸ்டாப் வெளுக்கும். இது பிடிபட்டால் மூன்றும் ஒரே தராசின் தட்டுகளாகத் தெரிய ஆரம்பிக்கும்.

டிஎஸ்எல்ஆரில் கண் வைத்துப் பார்க்கும் வியூஃபைண்டரில் தெரிவது கண்ணாடியில் பட்டு வரும் நிஜக் காட்சி. படம் எப்படி வரும் என்பது ஷட்டரை அழுத்திய பிறகுதான் தெரியும். வெயிலில் காயும் வெள்ளைத் துணியை ஃபிரேம் முழுக்க எடுத்தால் அது சாம்பல் நிறமாக வந்து நிற்கும். கேமராவுக்குள் வெளிச்சத்தை அளக்கும் மீட்டர் எதைப் பார்த்தாலும் நடுத்தரச் சாம்பல் என்று நினைத்துக்கொள்ளும் என்பது அப்போது புரியும். எக்ஸ்போஷரை, அதாவது படத்தில் பதியும் வெளிச்சத்தை, ஒரு ஸ்டாப் கூட்டி மறுபடி எடுத்தால் துணி வெளுக்கும். ஊகித்து, எடுத்து, பார்த்து, திருத்துகிறோம். எனக்குப் பாடம் மனதில் பதிந்தது இப்படித்தான்.

பேட்டரியும் நன்றாக நிற்கும். 2018இல் வந்த நிக்கான் டி3500க்கு ஒரு சார்ஜில் 1,550 படம் என்பது நிறுவனம் தரும் கணக்கு. குறை என்னவென்றால், கேனான், நிக்கான் இரண்டின் கவனமும் மிரர்லெஸ் பக்கம் போய்விட்டது. பழைய லென்ஸ்கள் ஏராளமாகக் கிடைக்கும், ஆனால் புதியவற்றை எதிர்பார்க்க முடியாது.

செகண்ட் ஹேண்ட் வாங்குபவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. நான் முதலில் வாங்கிய லென்ஸ் வெளியே பளபளவென்று இருந்தது. வீட்டுக்கு வந்து டார்ச் அடித்துப் பார்த்தபோதுதான் உள்ளே சிலந்தி வலை போலப் பூஞ்சை படர்ந்திருந்தது தெரிந்தது. விற்ற கடையில் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை. லென்ஸின் ஒரு பக்கம் டார்ச் அடித்து மறுபக்கம் சாய்வாகப் பாருங்கள். காசு கொடுப்பதற்கு முன் பார்க்க வேண்டும்.

மிரர்லெஸ்: முன்கூட்டியே காட்டிவிடும்

2008இல் பானசோனிக் ஜி1 தொடங்கிவைத்த வகை இது. உள்ளே கண்ணாடி கிடையாது. வியூஃபைண்டரே ஒரு சின்னத் திரை. டயலைத் திருப்பத் திருப்ப படம் வெளுப்பதும் கறுப்பதும் எடுப்பதற்கு முன்பே தெரியும். அந்த வெள்ளைத் துணி சாம்பலாவதும் திரும்ப வெளுப்பதும் கண் முன்னாலேயே நடக்கும். எதைத் திருப்பினால் என்ன ஆகும் என்பது ஒரே நாளில் பிடிபட்டுவிடும்.

ஆரம்பத்தில் பத்துப் படம் கறுப்பாக வந்தால் கேமராவை அலமாரியில் வைத்துவிடுகிற சுபாவம் உங்களுக்கு இருந்தால், யோசிக்காமல் மிரர்லெஸ் வாங்குங்கள். பேட்டரி சீக்கிரம் தீரும், கூடுதலாக ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். கண்ணைத் தேடிப்பிடித்துத் தானே ஃபோகஸ் செய்யும் வசதியைக் கொஞ்ச நாள் அணைத்து வையுங்கள், எங்கே ஃபோகஸ் வைப்பது என்ற முடிவு உங்களுடையதாக இருக்கட்டும்.

என் ஓட்டு பழைய டிஎஸ்எல்ஆருக்குத்தான். திரையைப் பார்த்துத் திருப்புகிறவர் திரையைப் படிக்கிறார், ஊகித்துத் திருப்புகிறவர் வெளிச்சத்தைப் படிக்கிறார். மிரர்லெஸ்ஸிலும் பல மாடல்களில் இந்த முன்காட்சியை அணைத்துவிட முடியும். அப்படிச் செய்து பழகினால் இரண்டின் நன்மையும் கிடைக்கும், செலவுதான் கூடும்.

லென்ஸ்: கிட் லென்ஸா, பிரைமா

கேமராவோடு வரும் 18-55 மி.மீ. ஜூம் லென்ஸான கிட் லென்ஸை உடனே ஒதுக்காதீர்கள். மி.மீ. எண் கூடக் கூடக் காட்சி நெருங்கி வரும். எந்தத் தூரத்தில் உங்கள் கண் இயல்பாக நிற்கிறது என்பதை அதுதான் சொல்லும். ஒரு மாதம் எடுத்த படங்களின் விவரத்தைத் திறந்து, எத்தனை மி.மீ.இல் அதிகம் எடுத்திருக்கிறீர்கள் என்று பாருங்கள்.

அது திணறும் இடம் மங்கலான வெளிச்சம். அந்தி நேரத்தில் ஒரு குழந்தை ஊஞ்சல் ஆடுகிறது. கிட் லென்ஸ் 55 மி.மீ.இல் எஃப் 5.6க்கு மேல் திறக்காது. ஐஎஸ்ஓ 800இல் ஷட்டர் 1/30க்கு வந்து நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். முகம் இழுபட்டு மங்கும். அசைவை நிறுத்த 1/500 வேண்டும், அதற்கு நான்கு ஸ்டாப். எல்லாவற்றையும் ஐஎஸ்ஓவிலிருந்து எடுத்தால் 12,800க்குப் போய்விடும், படம் முழுக்கப் புள்ளி புள்ளியாக நாய்ஸ். எஃப் 1.8 வரை திறக்கும் பிரைம் லென்ஸ் (ஜூம் செய்யாத, ஒரே மி.மீ. லென்ஸ்) இருந்தால் மூன்று ஸ்டாப்புக்கு மேல் லென்ஸே கொடுத்துவிடும், ஐஎஸ்ஓ 1,600க்குள் வேலை முடியும். ஆனால் அவ்வளவு திறந்தால் கூர்மையாக இருக்கும் பகுதி மெலிந்துவிடும், முன்னும் பின்னும் போகும் ஊஞ்சலில் கண்ணில் ஃபோகஸ் நிற்பது கஷ்டம். ஊஞ்சல் உச்சிக்குப் போய் ஒரு கணம் நிற்குமே, அந்தக் கணத்துக்குக் காத்திருந்து எடுங்கள். ஒன்றைக் கொடுத்துத்தான் இன்னொன்றை வாங்க முடியும் என்பதை இந்த ஒரு காட்சியே கற்றுக்கொடுக்கும்.

"50 மி.மீ. வாங்குங்கள், கார்ட்டியே-பிரெஸ்ஸோனே அதில்தான் எடுத்தார்" என்று, புகழ்பெற்ற பிரெஞ்சு போட்டோகிராஃபரைக் காட்டிச் சொல்லும் அறிவுரை அடிக்கடி காதில் விழும். உண்மைதான், ஆனால் அவர் பெரும்பாலும் எடுத்தது 36×24 மி.மீ. ஃபிலிமில். ஆரம்ப நிலை கேமராக்களில் இருக்கும் ஏபிஎஸ்-சி சென்சார் அதைவிடச் சிறியது, அதில் 50 மி.மீ. லென்ஸ் 75 அல்லது 80 மி.மீ. போல நெருக்கிக் காட்டும். சின்ன அறைக்குள் இரண்டு பேரை எடுக்கச் சுவரில் முதுகு இடிக்கும். அவருடைய பார்வை வேண்டுமென்றால் 35 மி.மீ. வாங்குங்கள். முகங்கள்தான் உங்கள் ஆசை என்றால் 50 அருமை.

மோடு: ஆட்டோவா, ஏவா, எம்மா

"முதல் நாளிலிருந்தே மேனுவலில் எடு" என்பது இன்னொரு பிரபலமான அறிவுரை. நான் அதற்கு எதிர். எம் மோடில் புதியவர் செய்வது என்ன? மீட்டர் கோடு நடுவுக்கு வரும்வரை டயலைத் திருகுகிறார். அதைத்தான் கேமராவே நொடியில் செய்துவிடுமே! அப்பர்ச்சர் பிரையாரிட்டியில் தொடங்குங்கள், டயலில் ஏ அல்லது ஏவி என்று இருக்கும். துவாரம் உங்கள் முடிவு, ஷட்டர் கேமராவின் பதில். ஒன்றை மட்டும் மாற்றி, மற்றது என்ன ஆகிறது என்று பார்க்கலாம். 50 மி.மீ.க்கு ஷட்டர் 1/50க்குக் கீழே இறங்கினால் கை நடுக்கம் படத்தில் தெரியக்கூடும், அப்போது ஐஎஸ்ஓவைக் கூட்டுங்கள். சிறிய சென்சாரில் 1/80 இன்னும் பத்திரம்.

மேனுவலுக்குப் போகும்போது மீட்டரைப் பார்க்காமல் போங்கள். பளிச்சென்ற வெயிலில் எஃப் 16, ஐஎஸ்ஓ 100, ஷட்டர் 1/100க்குப் பக்கத்தில் வைத்தால் படம் சரியாக வரும். ஃபிலிம் காலத்திலிருந்தே புழங்கும் கணக்கு இது. அதில் தொடங்கி, மேகம் மூடினால் எத்தனை ஸ்டாப், நிழலுக்குள் போனால் எத்தனை ஸ்டாப் என்று ஊகித்து எடுத்துப் பாருங்கள். ஆட்டோவைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை, கேமராவை வேறு யாரிடமாவது கொடுத்து உங்களை எடுக்கச் சொல்லும்போது உதவும்.

சென்சார் பதிந்ததை அப்படியே வைக்கும் ரா ஃபைலா, கேமராவே முடித்துத் தரும் ஜேபெக்கா என்ற கேள்வியும் வரும். முதல் மூன்று மாதம் ஜேபெக் போதும். ரா ஃபைலில் தப்பைப் பிறகு சரிசெய்ய இடம் அதிகம், அதனாலேயே இப்போதைக்கு வேண்டாம் என்கிறேன். கறுத்த படம் கறுத்தே இருக்கட்டும். அதைத் திறந்து, எஃப் எத்தனை, ஷட்டர் எத்தனை, ஐஎஸ்ஓ எத்தனை என்று பாருங்கள். அப்புறம் அதே இடத்துக்குப் போய் அதே நேரத்தில் இன்னொரு முறை எடுங்கள்.