கையெழுத்துக்கு முன் ஒரு கணக்கு: விருப்ப விலகலா, காத்திருப்பா, மாற்றுப் பணியா?

"வெள்ளிக்கிழமைக்குள் முடிவைச் சொல்லிவிடுங்கள்" என்று மனிதவள அதிகாரி தாளை நகர்த்தியதும், என் சக ஊழியர் பேனா மூடியைத் திறந்துவிட்டார். 16 ஆண்டு வேலை. யோசிக்கக் கிடைத்தது 3 நாள். துணைக்கு உடன் அமர்ந்திருந்த நான் அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டேன். மறுசீரமைப்பு என்ற சொல் காதில் விழுந்ததும் கை நடுங்குவது இயல்புதான். ஆனால் அந்த நடுக்கத்தில் போடும் கையெழுத்தைப் பிறகு திரும்பப் பெறுவது மிகக் கடினம்.

அவர் முன்னால் இருந்தது விருப்ப விலகல் திட்டம். மொத்தமாக 14 மாதச் சம்பளம் என்று தடித்த எழுத்தில் போட்டிருந்தார்கள். அன்று மாலை இருவரும் உட்கார்ந்து அதைப் பிரித்துப் பார்த்தோம். பணிக்கொடை, எடுக்காத விடுப்புக்கான பணம், நோட்டீஸ் காலச் சம்பளம் ஆகிய மூன்றும் எப்படியும் அவருக்குச் சேரவேண்டியவை. அவற்றைக் கழித்தால், விலகுவதற்காக நிறுவனம் கூடுதலாகத் தருவது 5 மாதச் சம்பளம் மட்டுமே.

விலகாமல் காத்திருந்தால்? இந்தியச் சட்டப்படி, ஓராண்டுக்குக் குறையாமல் தொடர்ந்து பணியாற்றிய தொழிலாளியை ஆட்குறைப்பில் அனுப்பினால், ஒரு மாத நோட்டீஸும், முடிந்த ஒவ்வோர் ஆண்டுக்கும் 15 நாள் சராசரி ஊதியமும் தரவேண்டும். 16 ஆண்டுக்கு 240 நாள், அதாவது ஏறத்தாழ 8 மாதம். சலுகை என்று நீட்டப்பட்டது, சட்டப்படியான குறைந்தபட்சத்தைவிட 3 மாதம் குறைவு! இப்படி விரும்பி விலகுவதை ஆட்குறைப்பாகச் சட்டம் கருதுவதில்லை. அந்தத் தாளில் கையெழுத்திட்டால் 8 மாத இழப்பீட்டைக் கேட்கும் உரிமையும் போய்விடும். ராஜினாமா கடிதம் எழுதித் தரச் சொல்வது இதைவிட மோசம். அதற்கு ஒருபோதும் இணங்கக் கூடாது என்பதே என் உறுதியான கருத்து.

ஆனால் எல்லோருக்கும் காத்திருப்பே நல்லது என்று சொல்லமாட்டேன். மேலாளர், நிர்வாகப் பொறுப்பில் இருப்பவர் ஆகியோருக்கு மேலே சொன்ன பாதுகாப்பு பொருந்தாது. பெரும்பாலும் பணி ஒப்பந்தத்தில் எழுதியிருப்பதுதான் அவர்களுக்குக் கதி. வேறு வேலை ஏற்கெனவே கையில் இருப்பவருக்கும், நிறுவனமே மூழ்கும் நிலையில் இருப்பவருக்கும் விருப்ப விலகல் பணம் மேல். கஜானா காலியான பிறகு சட்டம் சொல்லும் தொகையை வசூலிக்க ஆண்டுக்கணக்கில் அலைய நேரலாம். காத்திருப்பவர் அந்த நாள்களைச் சும்மா கழிக்கவும் கூடாது. பிரிட்டனில் ஒரே பணியிடத்தில் 90 நாளுக்குள் 20 பேர் அல்லது அதற்கு மேல் நீக்கும் திட்டம் இருந்தால், முதல் நீக்கத்துக்குக் குறைந்தது 30 நாளுக்கு முன்பே ஊழியர் பிரதிநிதிகளுடன் கலந்தாலோசனை தொடங்கவேண்டும். 100 பேர் அல்லது அதற்கு மேல் என்றால் 45 நாள். யாரை, எந்த அளவுகோலில் தேர்ந்தெடுக்கிறீர்கள் என்று கேட்பதற்கான காலம் அது. தொழிற்சங்கம் இருந்தால் கூட்டாகக் கேளுங்கள். தனிக்குரலுக்குக் கிடைக்கும் பதில் வேறு, நாற்பது பேரின் குரலுக்குக் கிடைக்கும் பதில் வேறு.

மாற்றுப் பணியைப் பலர் அவமானமாக நினைத்து ஒதுக்குகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. வீட்டுக்கடன் நடுவழியில் நிற்கும்போது சம்பளம் தடைபடாமல் வருவது பெரிய விஷயம். பிரிட்டனில் இப்படி மாறுபவருக்கு 4 வாரச் சோதனைக் காலம் உண்டு. வேலை உண்மையிலேயே பொருந்தவில்லை என்றால் ஆட்குறைப்பு இழப்பீட்டை இழக்காமல் விலகலாம். அதேசமயம், பொருத்தமான வேலையைத் தக்க காரணமின்றி மறுத்தால் அந்த இழப்பீடு கிடைக்காது. அங்கே இருந்தாலும் வேறெங்கே இருந்தாலும், புதிய பதவி, ஊதியம், இடம், பழைய பணிக்காலத்தின் தொடர்ச்சி ஆகிய நான்கும் எழுத்தில் வரவேண்டும். பணித்தொடர்ச்சி அறுந்தால் 16 ஆண்டும் பூஜ்யத்திலிருந்து தொடங்கும்.

வேலைநேரக் குறைப்பு இன்னொரு வழி. ஜெர்மனியில் குறைநேர வேலைத் திட்டத்தில், இழந்த நிகர ஊதியத்தில் 60 விழுக்காட்டையும், பிள்ளைகள் உள்ளவர்களுக்கு 67 விழுக்காட்டையும் அரசின் வேலைவாய்ப்பு முகமை ஈடுசெய்கிறது. அப்படிப்பட்ட ஆதரவு இல்லாத இடத்தில் இது வெறும் சம்பளவெட்டு; முடிவுத் தேதி குறிப்பிடாமல் ஒப்புக்கொள்ள வேண்டாம். குறைந்த சம்பளத்தை வைத்தே பின்னால் இழப்பீட்டைக் கணக்கிடவும் வாய்ப்புண்டு.

வெள்ளிக்கிழமை அவர் கொடுத்தது ஒரு கடிதம். தொகையை இனம்வாரியாகப் பிரித்துத் தரவும், ஆட்குறைப்பு செய்தால் எவ்வளவு கிடைக்கும் என்பதையும் எழுதித் தரவும் கேட்டிருந்தார். இரண்டு வாரம் பதிலே இல்லை. பிறகு வந்த திருத்திய தாளில் 5 மாதம் 9 மாதமாகியிருந்தது. அதை வீட்டுக்குக் கொண்டுபோய் மனைவியிடம் காட்டி, மறுநாள் காலையில்தான் கையெழுத்திட்டார்.