கையால் இழுக்கும் பிரஸா, ஜாக் பிரஸா?

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் வீட்டுக்குப் பின்னால் கப்சாய் எனும் சின்ன மோட்டார் சைக்கிள் பழுது பார்ப்பவர்கள் என்னிடம் அடிக்கடி கேட்பது இது: பேரிங், புஷ் போன்றவற்றை அழுத்தி இறக்கவும் கழற்றவும் எந்த பிரஸ் வாங்கலாம்?

கையால் இழுக்கும் ஆர்பர் பிரஸில் பல்சக்கரமும் நீளமான கைப்பிடியும்தான். சின்னது ஒரு டன் வரை தள்ளும். மேசையில் முடுக்கிவிட்டால் போதும். சக்கர பேரிங்குக்கு இதுவே எனக்குப் பிடிக்கும். பேரிங் கோணலாக இறங்கினால் கைப்பிடி சட்டென்று இறுகும். உடனே நிறுத்திச் சரி செய்யலாம்.

எண்ணெய் அழுத்தத்தில் தள்ளும் 12 டன் ஜாக் பிரஸில் அந்த உணர்வு கைக்கு வராது. கோணல் தெரிவதற்குள், சக்கரத்தின் நடுவில் பேரிங் உட்காரும் ஹப்பே விரிசல் விட்டுவிடும். ஒருமுறை எனக்கே அப்படி ஆனது. தம்பிதான் புது ஹப் வாங்கி வந்தான். ஆனால் எஞ்சினின் கிராங்க் பின் கழற்ற, துருப்பிடித்த புஷ் (குழல் போன்ற வளையம்) தள்ள ஆர்பர் பிரஸ் பத்தாது. அங்கே ஜாக்தான். இடம் அடைக்கும், நாள்பட எண்ணெயும் கசியும்.

எதை வாங்கினாலும் ஹப்புக்குள் பேரிங் இறக்கும்போது வெளி வளையத்தில்தான் அழுத்த வேண்டும். உள் வளையத்தில் அழுத்தினால் குண்டுகள் தடம் பதித்து, ஓடும்போது கரகரக்கும். நட்டு கழற்றும் பழைய சாக்கெட் ஒன்று வெளி வளையத்துக்கு அளவாக இருந்தால் அதுவே போதும்.

வாரத்துக்கு இரண்டு மூன்று சக்கரம்தான் என்றால் ஆர்பர் வாங்குங்கள். கிராங்க் வேலை வந்தால் டவுன் பட்டறைக்குக் கொடுத்துவிடலாம்.