வாடைக்காற்றில் நண்டுப் பரிசல்: நாகமரைக் கரையில் சில பருவங்கள் பயன்படுத்திய அனுபவம்

ஆவணியில் கைகொடுத்த பொருள் கார்த்திகையில் கைகொடுப்பதில்லை. மேட்டூர் அணையின் நீர்ப்பிடிப்பில் நாகமரைப் பக்கம் நண்டுக்குப் போகிறவர்கள் இதை முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். காரணம் காற்று. ஆடி, ஆவணியில் வீசும் மேல்காற்று பரிசலை நம் கரைக்கே தள்ளிக்கொண்டு வந்துவிடும். கை ஓய்ந்தாலும் கரை சேரலாம். ஐப்பசி பிறந்து வாடை இறங்கியதும் எல்லாம் தலைகீழ். நம் கரை வடகிழக்கில் இருக்கிறது, காற்றும் அங்கிருந்துதான் வருகிறது. மேட்டைத் தாண்டி தலைக்கு மேலே போய்விடுவதால் கரையோரத் தண்ணீர் அசையாமல் கிடக்கும். பார்க்கிறவருக்கு இன்றைக்குக் காற்றே இல்லை என்று தோன்றும். நூறு, இருநூறு மீட்டர் உள்ளே போன பிறகுதான் அலை எழும். அதற்குள் பரிசல் எதிர்க்கரைப் பண்ணவாடிப் பக்கம் ஒதுங்கத் தொடங்கியிருக்கும். போகும்போது காற்று தள்ளிவிடும், திரும்பும்போது ஒவ்வொரு அடியையும் துடுப்பால் வாங்க வேண்டும்.

அதனால் கீழே சொல்லும் ஒவ்வொரு பொருளையும் நான் எடைபோடுவது ஒரே கேள்வியை வைத்துத்தான்: கரைக்குத் திரும்பி வர இது உதவுமா?

போகிற வகையையும் சொல்லிவிடுகிறேன். அணையில் மீன் பிடிக்க உரிமம் வேண்டும். நான் போவது உரிமம் வைத்திருக்கும் என் தாய்மாமாவோடு. விற்பதற்கில்லை, வீட்டுக்கும் பக்கத்து வீட்டுக்கும் ஆகிற அளவுதான். மழைக்காலக் கடைசியை நாங்கள் விரும்பக் காரணம் உண்டு. கோடையில் வளைக்குள் அடங்கிக் கிடக்கும் நண்டு, மழை பெய்து கரையோரப் புல்லும் வரப்பும் மூழ்கியதும் வெளியே மேயும். சாயங்காலம் இருட்டும் நேரத்தில்தான் அதன் நடமாட்டம் அதிகம். மார்கழிப் பனி விழுந்த பிறகு குறைந்துவிடுகிறது. கடலோரத்தில், பழவேற்காட்டிலோ பிச்சாவரத்திலோ, நண்டுக்காரர் ஏற்றவற்றத்தைப் பார்த்துக் கிளம்புவார். இங்கே அணையின் வரத்தும் திறப்பும்தான் ஏற்றவற்றம்.

முதலில் பரிசல். மாமாவிடம் முன்பு இருந்தது மூங்கில் பரிசல். மூங்கில் பிளாச்சு பின்னி, கீழே பிளாஸ்டிக் ஷீட் கட்டி, தார் பூசியது. இப்போது ஃபைபர், விட்டம் 2 மீட்டர் வாக்கில். பல பருவம் ஓட்டிய பிறகும் எது மேல் என்று ஒரே வார்த்தையில் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பராமரிப்பில் ஃபைபருக்கு ஈடு இல்லை. மூங்கிலுக்கு வருசா வருசம் தார், இற்றுப்போன பிளாச்சுக்கு மாற்று, வெயிலில் ஷீட் வெடிக்காமல் கவிழ்த்து மூடி வைப்பது என்று ஒரு வேலை தீர்ந்தால் இன்னொன்று நிற்கும். ஃபைபரைக் கரையில் கவிழ்த்துப் போட்டுவிட்டு வீட்டுக்குப் போகலாம். ஆனால் தண்ணீருக்குள் கிடக்கும் மர முண்டில் மோதும்போது வித்தியாசம் தெரியும். இந்த அணைக்குள் ஊர்களே மூழ்கிக் கிடக்கின்றன. தண்ணீர் நன்றாக இறங்கும் வருடங்களில் பண்ணவாடியில் ஜலகண்டேஸ்வரர் கோயில் நந்தியும், பழைய தேவாலயத்தின் இரட்டைக் கோபுரமும் வெளியே தெரிவதை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். அவற்றோடு மர முண்டுகளும் பாறைகளும் கீழே கிடக்கின்றன. மூங்கில் பரிசல் மோதினால் வளைந்து கொடுக்கும், கிழிந்தாலும் ஒரு துண்டு ஷீட்டும் தாரும் போதும். ஃபைபர் வளையாது. மேல்பூச்சு சில்லு பெயர்ந்து, அந்த இடத்தில் நூல் போல விரிசல் ஓடும். கவனிக்காமல் விட்டால் தண்ணீர் உள்ளே ஊறும். ரெசின், ஹார்ட்னர், ஃபைபர் மேட் மூன்றும் வைத்துக்கொண்டு நாங்களே ஒட்டிக்கொள்கிறோம். இடம் முழுக்கக் காய்ந்திருக்க வேண்டும் என்பதுதான் இதில் சிக்கல். அடைமழை வாரத்தில் எங்கே காயும்? அதனால் பருவம் தொடங்கும் முன்பே, புரட்டாசி வெயிலில் அடிப்பக்கம் முழுவதையும் கையால் தடவிப் பார்த்து ஒட்டிவிடுகிறோம்.

காற்றில் ஃபைபர் லேசாக நிற்கிறது, வழுக்குகிறது, சுழல்கிறது. ஒருவர் மட்டும் துடுப்புப் போட்டு வாடைக்கு எதிரே வருவது எனக்கு முடியாத காரியம். எதிரெதிரே இரண்டு பேர், இரண்டு துடுப்பு என்றால் சுழற்சி அடங்கி நேராக வரும். ஆகவே ஐப்பசிக்கு மேல் தனியாகப் பரிசல் இறக்குவதில்லை. மூன்றாவதாக ஒரு துடுப்பு பரிசலுக்குள் கட்டிக் கிடக்கும். இருக்கும் துடுப்பில் ஒன்று முறிந்தாலோ நழுவினாலோ, வாடையில் பிறகு பரிசல் நம் பேச்சைக் கேட்காது.

மழைத் தண்ணீர் பரிசலுக்குள் தேங்குவதைப் பலர் பெரிதாக எண்ணுவதில்லை. 2 மீட்டர் விட்டமுள்ள பரிசலில் 10 மி.மீ. மழை விழுந்தால் சுமார் 31 லிட்டர் தேங்கும். அந்த எடையை விட மோசம், அது ஒரு பக்கமாக ஓடுவது. அலை ஒரு பக்கம் தூக்க, உள்ளே கிடக்கும் தண்ணீரும் அதே பக்கம் ஓடினால் விளிம்பு தண்ணீர் மட்டத்துக்கு வந்துவிடும். ஐந்து லிட்டர் எண்ணெய் கேனைச் சாய்வாக வெட்டி, கயிற்றில் கட்டிப் போட்டிருக்கிறோம். வாங்கிய வாளி எதுவும் அந்த அளவுக்கு வழித்து எடுப்பதில்லை.

கயிறு பற்றிக் கொஞ்சம் நிறையவே சொல்ல வேண்டும். ஆரம்பத்தில் நண்டுக் கூண்டுக்கும் நங்கூரத்துக்கும் மஞ்சள் பிளாஸ்டிக் கயிறுதான். அது மிதக்கும். அமைதியான தண்ணீரில் எடுக்க வசதி, காற்றில் துடுப்பில் சுற்றிக்கொள்ளும். இப்போது நங்கூரத்துக்கும் கூண்டுக்கும் தண்ணீரில் மூழ்கும் நைலான் கயிறு. நங்கூரம் என்றால், பழைய வலைத்துண்டுக்குள் கட்டிய கருங்கல்தான். கல்லின் எடையை விடக் கயிற்றின் நீளம் முக்கியம். குறைந்தது ஆழத்தைப் போல ஐந்து மடங்கு விட வேண்டும். குட்டையாகக் கட்டினால் அலை தூக்கும்போது கயிறு விளிம்பைக் கீழே இழுக்கும், வட்டப் பரிசல் அப்படித்தான் கவிழும். முடிச்சை ஒரே இழுப்பில் அவிழ்க்கிற மாதிரி உருவு முடிச்சாகப் போடுங்கள். கையெட்டும் இடத்தில் ஒரு கத்தியும் இருக்கட்டும்.

கூண்டு மூன்று வகை பார்த்துவிட்டோம். ஆன்லைனில் கிடைக்கும் மடக்குக் கூண்டு, குடை மாதிரி விரிவது, முதல் பருவத்தில் அருமை. இரண்டாவது பருவத்தில் கம்பி துருப்பிடித்தது, மடிப்பு இறுகியது, வலை சேற்று நிறத்துக்கு வந்து தையல் விட்டது. துத்தநாகம் பூசிய ஜிஐ கம்பியில் ஊரில் கட்டிய கூண்டு உறுதியானது, ஆனால் எடை. நான்கைந்து ஏற்றினாலே பரிசலில் கால் வைக்க இடமில்லை. எனக்குப் பிடித்தது வளைய வலை. இரும்பு வளையத்தில் தொங்கும் பை வலை, நடுவில் இரை. உள்ளே போன நண்டு தானாகவே வெளியேறிவிடும் என்பதால் அவ்வப்போது தூக்கிப் பார்க்க வேண்டும், இரவெல்லாம் போட்டு வைக்க முடியாது. கடைசிப் பருவத்துக்கு இதுவே நல்லது. விடிந்ததும் கூண்டை எடுத்தே தீர வேண்டும் என்று மோசமான காலையில் பரிசல் இறக்கும் கட்டாயம் இல்லை. இரை ஜிலேபி மீன் தலை. கோழிக்குடலும் இழுக்கும், சீக்கிரம் கரைந்துவிடும்.

இரவு போட்டு வைக்கிறவர்கள் இன்னொன்றைக் கணக்கில் கொள்ளுங்கள். பாசனத்துக்கு ஜூன் 12 முதல் ஜனவரி 28 வரை அணை திறப்பது வழக்கம். வரத்து குறைந்து திறப்பு தொடர்ந்தால் கரையோரம் போட்ட கூண்டு தரையில் கிடக்கும். வரத்து கூடினால் மிதவையே முங்கிவிடும். எனவே காலையில் வீட்டை விட்டுக் கிளம்பும் முன், காவிரி தமிழகத்துக்குள் நுழையும் பிலிகுண்டுலுவில் நீர்வரத்து எத்தனை கன அடி என்று பார்ப்பது எங்கள் பழக்கம். தினமும் செய்தியில் வருகிறது. கிருஷ்ணகிரி மாவட்ட மழைச் செய்தியை மட்டும் நம்பினால் போதாது. 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயலில் ஊத்தங்கரையில் ஒரே நாளில் சுமார் 50 செ.மீ. கொட்டியது. அந்தத் தண்ணீர் தென்பெண்ணைக்குப் போவது, மேட்டூருக்கு அல்ல. எங்களுக்கு ஆபத்து அஞ்செட்டி மலைகளில் பெய்வது. அது காவிரியில் கலந்து, செந்நிறமாகக் குச்சியும் கட்டையும் சுமந்து வரும். தண்ணீர் நிறம் மாறினால் அன்று பரிசல் இறங்காது. ஒகேனக்கல்லில் வரத்து உயர்ந்ததும் நிர்வாகம் பரிசலுக்குத் தடை போடும். நம் பக்கம் தடை சொல்ல ஆள் இருக்கிறாரோ இல்லையோ, அந்தச் செய்தியையே நமக்கும் சொன்னதாக எடுத்துக்கொள்வது நல்லது.

அலைத் தலையில் அங்கங்கே வெள்ளை நுரை தெரிந்தால் காற்று மணிக்கு 15 கி.மீ. வாக்கில் அடிக்கிறது என்று பொருள். நாங்கள் வைத்திருக்கும் எல்லை அதுதான். இடி கேட்டால் கரை. கடைசி இடிக்குப் பிறகு 30 நிமிடம் காத்திருக்கிறோம். மாமாவுக்கு இதெல்லாம் வேண்டாம், அவர் பார்ப்பது பென்னாகரம் பக்கத்து மலையைத்தான். “மல மறஞ்சா மழ நம்ம தலமேல. கூண்ட விட்டுட்டு வந்துரு மாப்ள, அது நாளைக்கும் இருக்கும்” என்பார். பல முறை அப்படி விட்டுவிட்டு வந்திருக்கிறோம்.

லைஃப் ஜாக்கெட்டில் தயவுசெய்து சிக்கனம் பார்க்காதீர்கள். ஆரஞ்சு நிற மலிவு ஜாக்கெட்டின் உள் நுரை இரண்டு மூன்று வருடத்தில் நசுங்கி, மிதக்கும் சக்தி குறைந்துவிடுகிறது. வெளியே பார்த்தால் தெரியாது. நாங்கள் ஒவ்வொரு பருவத்துக்கு முன்பும் தோட்டத்துக் கிணற்றில் போட்டுக்கொண்டு இறங்கிப் பார்க்கிறோம். வாய் தண்ணீருக்கு மேலே நிற்காத ஜாக்கெட் அன்றைக்கே கழிந்தது. கால் கவட்டை வழியாக வரும் பட்டை உள்ளதாகப் பாருங்கள், இல்லாவிட்டால் தண்ணீரில் விழுந்ததும் ஜாக்கெட் மேலே போகும், ஆள் கீழே போவார். மழைக்கோட்டு ஜாக்கெட்டுக்கு உள்ளேதான். மேலே போட்டால் ஜாக்கெட்டின் கொக்கியைத் தொட முடியாது.

முதலை இந்தத் தண்ணீரில் உண்டு. இரை கழுவிய தண்ணீரைப் பரிசல் ஏறும் இடத்தில் கொட்டுவதோ, இருட்டில் இடுப்பளவில் இறங்கி வலை பிரிப்பதோ வேண்டாம்.

பிடித்ததில் வயிற்று மடலைத் திறந்து பார்த்து, முட்டையோ குஞ்சோ இருந்தால் அங்கேயே விடுங்கள். கடல் நண்டு லட்சக்கணக்கில் இளவுயிரிகளைத் தண்ணீரில் விடும். ஆற்று நண்டு அப்படியல்ல. குஞ்சுகள் குட்டி நண்டாகவே உருவாகும் வரை தாய் வயிற்றில் சுமக்கும், அவற்றின் எண்ணிக்கையும் கொஞ்சம்தான். அந்தத் தாயைக் குழம்பில் போட்டால் அந்தக் கரைக்கு அடுத்த வருசம் போக வேண்டியதில்லை.

சளிக்கு நண்டு ரசம் வைக்கிற வீடுகள் இங்கே நிறைய. பச்சை நண்டை உரலில் இடித்துச் சாறு பிழிவார்கள். நன்னீர் நண்டில் நுரையீரலைத் தாக்கும் தட்டைப்புழுவின் இளநிலை இருக்கக்கூடும், வேகாத சாறு மூலம் அது மனிதருக்கு வரும். ரசத்தை நுரை கட்டியதும் இறக்காமல் நன்றாகத் தளதளவென்று கொதிக்க விடுங்கள். இடித்த உரலையும் கையையும் கத்தியையும் சுடுதண்ணீரில் கழுவிவிட்டுத்தான் வேறு எதையும் தொட வேண்டும். குழம்பாக வைத்து ராகிக் களியோடு சாப்பிடுவதுதான் எங்கள் வீட்டில்.

அடுத்த பருவத்துக்கு மடக்குக் கூண்டு எதுவும் வாங்கப் போவதில்லை. அந்தப் பணத்தில் வளைய வலைக்குத் துருப்பிடிக்காத வளையமும், மாமாவுக்குக் கவட்டைப் பட்டையுள்ள ஒரு ஜாக்கெட்டும் வாங்குகிறேன். அவருடையது இந்த முறை கிணற்றில் தேறவில்லை.