சுடுகாடா, இடுகாடா, மயானமா?

தாத்தா இறந்த அன்று கண்ணீர் அஞ்சலி போஸ்டருக்கு வாசகம் எழுதியது நான்தான். 'மாலை 4 மணிக்குச் சுடுகாட்டில்' என்று எழுதியிருந்தேன். வாங்கிப் படித்த அத்தை, "அப்பாவைச் சுடவாடா போறோம்? புதைக்கத்தானே போறோம்?" என்றார். எனக்குச் சுருக்கென்றது.

புதுச்சேரிப் பேச்சில் எரித்தாலும் புதைத்தாலும் சுடுகாடுதான். சொல்லோ சுடுவதை மட்டுமே சொல்கிறது. அதிலுள்ள காடு மரமடர்ந்த காடு அல்ல, ஊருக்கு வெளியே கிடக்கும் நிலம். 'வீடு போ போ என்கிறது, காடு வா வா என்கிறது' என்று வயதானவர்கள் சொல்வது இந்தக் காட்டைத்தான்.

இடுகாடு அப்படி நேரடியான சொல் அல்ல. மணிமேகலையில் புகார் நகரின் சுடுகாட்டுக் கோட்டமான சக்கரவாளக் கோட்டத்தைச் சொல்லும் இடத்தில் 'சுடுவோர் இடுவோர் தொடுகுழிப் படுப்போர், தாழ்வயின் அடைப்போர் தாழியிற் கவிப்போர்' என்று ஐந்து வகையினர் வருகிறார்கள். குழி தோண்டிப் புதைப்பவர்களுக்கு அங்கே தனிச் சொல் இருக்கிறது. அப்படியானால் இடுவோர் யார்? உடலை வெறுமனே போட்டுவிட்டு வருபவர்கள். அந்த 'இடு'தான் பின்னாளில் மண்ணுக்குள் இறங்கிப் புதைப்பதைக் குறித்தது. தாழியிற் கவிப்போர் விட்டுச்சென்ற ஈமத்தாழிகளோ நம் பக்கத்திலேயே, சுத்துக்கேணியில், தோண்டியபோது கிடைத்தன. 1964இல் பாரதிதாசனை அடக்கம் செய்ததும் பாப்பம்மாள் கோயில் இடுகாட்டில்தான். அவருக்கு அந்தத் தமிழ்ச் சொல் எவ்வளவு பொருத்தம்!

மயானம் வடமொழி ச்மசானத்திலிருந்து வந்தது. எரிப்பதற்கும் புதைப்பதற்கும் பொது. கடவூர் மயானம் தேவாரத் தலம் என்பதால் சொல்லில் ஒரு மரியாதையும் இருக்கிறது. கருவடிக்குப்பம் மயானம் என்று போஸ்டரில் போட்டால் யாருக்கும் உறுத்தாது. ஆனால் அங்கே என்ன நடக்கிறது என்பதை அது சொல்லாது.

அப்புறம் கல்லறை. கல்லாலான அறை, அவ்வளவுதான். ஒருவருடைய சமாதிக்கு இருந்த பெயர் இடம் முழுவதற்கும் பரவிவிட்டது. பிரெஞ்சுக்காரர்கள் சொன்ன 'சிமெத்தியேர்', ஆங்கிலத்தின் 'செமட்ரி' இரண்டுக்கும் மூலம் உறங்குமிடம் என்று பொருள்படும் கிரேக்கச் சொல். நவம்பர் 2, கல்லறைத் திருநாளன்று புதுச்சேரி உப்பளம் கல்லறையில் பூ வைத்து மெழுகுவத்தி ஏற்றுகிறவர்களைப் பார்க்கும்போது, கல்லைவிட உறக்கம்தான் சரியான சொல்லாக எனக்குப் படுகிறது.

போஸ்டரில் சுடுகாட்டை அடித்துவிட்டு 'இடுகாட்டில் நல்லடக்கம்' என்று எழுதினேன். அத்தை மறுபடி படித்துப் பார்த்துச் சரி என்றார்.